லீ-என்ஃபீல்ட் போல்ட் சிக்கிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்து ‘போல்ட் நகரவே மாட்டேங்குது’ என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த உருளை, எங்கே நிற்கிறது? கைப்பிடி மேலே எழும்பவில்லையா? எழும்பியும் பின்னால் வரவில்லையா? வந்தும் வெளியே கழலவில்லையா? இல்லை, முன்னால் தள்ளினால் மூட மறுக்கிறதா? நான்கும் நான்கு வியாதி. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நூறு வருஷம் தாங்கிய இரும்பு ஒரு மத்தியானத்தில் பாழாகிவிடும். கீழே உள்ள பதில்களையும் அந்த நான்கு நிலைகளை ஒட்டியே எழுதியிருக்கிறேன்.

எந்த ரைஃபிளைப் பற்றிப் பேசுகிறோம்?

லீ-என்ஃபீல்ட் குடும்பம். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் 1888-இல் லீ-மெட்ஃபோர்டாக பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. 1895-இல் பேரல் (குழல்) மாறி லீ-என்ஃபீல்ட் ஆனது. நம் பக்கத்தில் ‘திரீ நாட் திரீ’ (.303 அங்குலம்) என்று சொல்லும் நம்பர் 1 மார்க் 3 (1907), இரண்டாம் உலகப்போர் காலத்து நம்பர் 4, பயிற்சிக்காகவே .22 ஆக மாற்றப்பட்ட நம்பர் 2 மார்க் 4, எல்லாம் ஒரே வம்சம்.

ராணுவத் துப்பாக்கிக்கும் இலக்குச் சுடுதலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890 முதல் நடக்கும் போட்டிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது இதே ரைஃபிள்தான். பின்னால் ஒரு அபர்ச்சர் சைட்டை (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி) பூட்டி, ரைஃபிளின் மரக்கட்டையைத் துல்லியமாகப் பொருத்தி, அதையே இலக்கு ரைஃபிளாக்கிவிடுவார்கள். சில ரைஃபிள்களில் ‘ரெகுலேட்டட் பை ஃபுல்ட்டன்’ என்ற முத்திரையைப் பார்க்கலாம். பிஸ்லியில் கடை வைத்திருந்தவர்கள் கட்டையைச் சரிசெய்து கொடுத்தது. உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டது என்றால், போல்ட் சிக்கலுக்காகக் கட்டையைக் கழற்றும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இந்தியாவில் நம்மில் பலர் முதன்முதலாகத் தொட்ட ரைஃபிளும் என்.சி.சி.யின் .22 லீ-என்ஃபீல்டாக இருக்கும். என் கதையும் அப்படித்தான்.

உள்ளே ரவுண்டு (தோட்டா) இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முதலில் என்ன செய்வது?

இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் மூடிக்கிடக்கும் வரை சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. ‘முப்பது வருஷமா பரண்ல கிடந்தது, உள்ள ஒண்ணும் இருக்காது’ என்பது சாட்சி அல்ல.

மேகசினைக் கழற்றுங்கள். முனையைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். விரல் டிரிகரின் பக்கமே போகக்கூடாது. முகத்தை போல்டுக்கு நேர் பின்னால் வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள்.

மைதானத்தில் சுட்டு, வெடிக்காமல் போன ரவுண்டு உள்ளே இருந்தால், கைப்பிடியைத் தொடாமல் முனையை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பழைய தோட்டாக்களில் தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். பேரல் முனையிலிருந்து கம்பியை விட்டு உயிருள்ள ரவுண்டைத் தள்ளிப் பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

கைப்பிடி அசையவே இல்லை. டிரிகரும் கல்லு மாதிரி இருக்கிறது. துருவா?

துருவாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் போல்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காக்கிங் பீஸைப் பாருங்கள். அது முழுக்கப் பின்னாலும் இல்லாமல் முழுக்க முன்னாலும் இல்லாமல் நடுவாந்தரத்தில் நின்றால், ரைஃபிள் அரை காக்கில், அதாவது அடிக்கும் ஸ்பிரிங் பாதி மட்டும் இழுபட்ட நிலையில், இருக்கிறது. அந்த நிலையில் போல்ட், டிரிகர் இரண்டுமே பூட்டிக்கொள்ளும். கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. என்.சி.சி. முகாம் ஒன்றில் .22-ஐத் துடைக்கக் கொடுத்தார்கள். நானும் இன்னொரு பையனும் அரை மணி நேரம் அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டினோம். அவன் கட்டையின் பின்பகுதியைப் பிடித்துக்கொள்ள, நான் உள்ளங்கையால் கைப்பிடியை அடியிலிருந்து குத்துகிறேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ரைஃபிளை வாங்கி, முனையைத் தரைப்பக்கம் சாய்த்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காக்கிங் பீஸைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடியைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டிவிட்டு, ‘காலி கர்’ (காலி செய்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செய்யவேண்டியது அவ்வளவுதான்: காக்கிங் பீஸை முழுக்கப் பின்னால் இழுத்து முழு காக்கில் நிறுத்துவது, பிறகு வழக்கம்போல் போல்டைத் திறப்பது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இழுத்த அந்தக் கணத்திலிருந்து ரைஃபிள் சுடத் தயாராக நிற்கிறது. ஸ்பிரிங் பலமானது, விரல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வழுக்கும். கையைத் துடைத்துக்கொண்டு இழுங்கள்.

அரை காக்கில் அது தானாகப் போய் நிற்குமா?

யாரோ காக்கிங் பீஸைக் கையால் பிடித்துக்கொண்டு டிரிகரை அழுத்தி மெல்ல இறக்கியிருப்பார்கள். அது நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது கைப்பிடி முழுக்கக் கீழே வராத நிலையில் டிரிகரை அழுத்தியிருப்பார்கள். இரண்டும் இல்லாமல், ஒவ்வொரு முறை போல்டை மூடும்போதும் தானாகவே அரை காக்கில் விழுகிறது என்றால் சியர் (டிரிகரை அழுத்தும்வரை காக்கிங் பீஸைப் பிடித்துவைக்கும் கொக்கி) தேய்ந்திருக்கிறது. அந்த ரைஃபிளைச் சுடாதீர்கள். துப்பாக்கிப் பழுதுக்காரரிடம் கொடுங்கள்.

சேஃப்டி போட்டிருந்தாலும் போல்ட் பூட்டிக்கொள்ளுமா?

ஆமாம். இடதுபக்கம் உள்ள சேஃப்டி கேட்ச் பின்னால் சாய்ந்திருந்தால் போல்ட் திறக்காது. இது தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய எண்ணெய் பிசினாகிப்போய், கேட்ச் முன்னால் வந்ததுபோல் தெரிந்தாலும் முக்கால் வழியில் நின்றுவிடும். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, சிறிது நேரம் கழித்து கேட்சை முன்னும் பின்னும் ஆட்டிப்பாருங்கள்.

நம்பர் 1-இல் சேஃப்டியை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் இன்னொரு வம்பு. கேட்சும் அதன் பூட்டுத் தண்டும் ஒன்றோடொன்று மரையில் பொருந்துபவை. ஒரு மரை தள்ளி மாட்டினால்கூட வெளியே எல்லாம் சரியாகத் தெரியும், உள்ளே பூட்டும் இடம் தவறிப்போயிருக்கும்.

சேஃப்டியும் சரி, காக்கும் சரி. ஆனாலும் கைப்பிடி எழும்பவில்லை.

இப்போது பிசின், துரு என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் பிசின்தான். ராணுவக் கிடங்கில் வைக்கும்போது பூசிய கெட்டியான கிரீஸ் வருஷக்கணக்கில் மெழுகாக இறுகிவிடும். லீ-என்ஃபீல்டின் பூட்டும் முட்டுகள் போல்டின் பின்பாதியில் இருக்கின்றன. முட்டு உட்காரும் குழியில் கிரீஸ் இறுகினால் சிமெண்ட் போட்டது மாதிரிதான்.

கிரீஸுக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை. ரவுண்டு இல்லை என்று ஐயமறத் தெரிந்த ரைஃபிளை மட்டும், கண்ணெதிரே, சாக்கில் சுற்றி வெயிலில் சாய்த்து வையுங்கள். கிரீஸ் உருகி வழியும். முடி உலர்த்தும் கருவியும் போதும். காஸ் அடுப்பு, வெல்டிங் டார்ச் பக்கம் கொண்டுபோகவே கூடாது. போல்டும், அது ஓடும் கூடான ரிசீவரும் பதப்படுத்திய எஃகு. அளவுமீறிச் சூடுபட்டால் பதம் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது, அடுத்த ரவுண்டு சுடும்போதுதான் தெரியும்.

வழிந்ததைத் துடைத்துவிட்டு மினரல் டர்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ போல்டின் பின்பக்க இடுக்குகளில் விடுங்கள். மரத்தில் படாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். துரு என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி விட்டுவிடுங்கள். டபிள்யூ.டி-40 பற்றிக் கேட்பார்கள்: இளக்க உதவும், ஆனால் அதையே உயவு எண்ணெயாக நம்பி விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு நல்ல துப்பாக்கி எண்ணெய் போடுங்கள்.

ஊறிய பிறகு தட்டலாம். எதால் தட்டுவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரும்புச் சுத்தி வேண்டாம். தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளி சரி. கைப்பிடியின் உருண்டையில் அடிக்காமல், அது போல்டோடு சேரும் அடிப்பகுதிக்கு அருகில், கீழிருந்து மேலாகச் சின்னச் சின்னத் தட்டு. ஒரே அடியில் திறந்துவிட வேண்டும் என்று ஓங்குகிறவர்களிடம் கொட்டாப்புளியையும் கொடுக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன? வீட்டில் எல்லா இரும்புக்கும் அதுதானே போடுகிறோம்?

கதவுக் கீலுக்குப் போடுங்கள். ரைஃபிளுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தால் வருகிறதா? அதேதான் போல்டுக்குள்ளும் நடக்கும். ரவுண்டை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழாயில் உறைந்தால் ஊசி மெதுவாகப் போய் ரவுண்டு வெடிக்காமல் போகும்.

கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம். அது காய்ந்து வார்னிஷாக இறுகும் ஜாதி, மரத்துக்கு அதனால்தான் நல்லது. பூசிவிட்டு ரைஃபிளை நிமிர்த்தி வைத்தால் வழிந்து உள்ளே போய், நாலு மாதம் கழித்து போல்டைப் பசைபோட்டு ஒட்டிவிடும்.

கைப்பிடி மேலே வருகிறது. பின்னால் இழுத்தால்தான் வரவில்லை.

அப்படியென்றால் பூட்டு திறந்துவிட்டது, பிடித்துவைத்திருப்பது சேம்பரில் உள்ள கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு). சுட்ட பித்தளைக் கேஸ் விரிந்து சுவரோடு ஒட்டும், அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விடுபடும். சேம்பர் சுவர் வழவழப்பாக இருந்தால்தான் அது விடுபடும். பழைய .303-களில் அந்தச் சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருப்பது சகஜம்.

காரணம் அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமர், அதாவது அடிபட்டதும் பற்றும் மருந்து. அதில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் ஒருவகை உப்பாகப் படியும். ஊறுகாய் ஜாடி மூடியைத் திறந்து வைத்தால் உப்பு ஈரம் இழுக்குமே, அதுபோலக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருவைக் கிளப்பும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. மேலே படலமாக நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைப் பேரலில் ஊற்றினார்கள். துப்பாக்கிக்குள் தண்ணீரா என்று நம் ஆட்கள் பதறுவார்கள். கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும், அதற்கு மேல் எண்ணெய் போட்டால் போதும்.

மாட்டிய கேஸை எடுக்க: கைப்பிடியைத் தூக்கிய நிலையில் அதன் அடிப்பகுதியில் கொட்டாப்புளியால் பின்னோக்கித் தட்டுங்கள். அந்த ரவுண்டு சுட்டதுதான் என்று நீங்களே கண்ணால் பார்த்திருந்தால், குண்டு பேரலைவிட்டு வெளியேறியதும் உறுதி என்றால், முனையிலிருந்து பித்தளைக் கம்பி விட்டு மெல்லத் தட்டலாம். அதில் துளி சந்தேகம் இருந்தாலும் பழுதுக்காரரிடம் போங்கள். கேஸைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம் உடைந்திருந்தால் போல்ட் சுகமாகத் திறக்கும், கேஸ் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது வேறு கதை.

தோட்டாவுக்கு லேசாக எண்ணெய் தடவிப் போட்டால் மாட்டாமல் வந்துவிடுமே?

வரும். ஆனால் செய்யாதீர்கள். உலர்ந்த கேஸ் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்வதால் பின்னோக்கிய உதையில் ஒரு பங்கை அது தாங்குகிறது. எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் பிடிப்பு போய், உதை முழுவதும் போல்டின் மேல் விழும். லீ-என்ஃபீல்ட் போல்ட் பின்னால் பூட்டுவது என்பதால் நடுவே உள்ள நீளம் முழுவதும் அந்த அழுத்தத்தில் நெளியும். மழையில் நனைந்த ரவுண்டைச் சுட்டால் குண்டு விழும் இடமே மாறிவிடும் என்பது பிஸ்லிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். மழை நாளில் அவர்கள் தம்மைவிடத் தோட்டாவுக்குத்தான் முதலில் குடை பிடிப்பார்கள்.

போல்ட் பின்னால் வருகிறது, ஆனால் ரைஃபிளைவிட்டுக் கழல மாட்டேன் என்கிறது.

மாடலைப் பொறுத்தது. நம்பர் 1-இல் போல்டை முழுக்கப் பின்னால் இழுத்து, போல்டின் முன்முனையில் உள்ள தலையை மேல்நோக்கி நெம்பினால், அது ஓடும் தண்டவாளத்தைவிட்டு ‘க்ளிக்’ என்று எழும்பும், பிறகு வெளியே வரும். நம்பர் 4 மார்க் 1-இல் அதற்கென்று ஒரு சின்னக் கேட்ச் இருக்கிறது, அதைக் கீழே அழுத்திக்கொண்டு தலையைத் திருப்ப வேண்டும்.

நம்பர் 4 மார்க் 1 ஸ்டாரில், கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்தது, கேட்சை எடுத்துவிட்டுத் தண்டவாளத்தின் முன்பக்கத்தில் ஒரு வெட்டு மட்டும் வைத்தார்கள். செலவு மிச்சம். ஆனால் அந்த வெட்டின் ஓரம் சிதைந்துவிட்டால், வேகமாகச் சுடும்போது போல்ட் தலை வழியிலேயே தண்டவாளத்தைவிட்டுத் துள்ளிக் கோணலாகச் சிக்கும். ‘சில நேரம் மட்டும் மாட்டுகிறது’ என்ற புகாரோடு மார்க் 1 ஸ்டார் வந்தால் நான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் நம்பர் 4 போல்ட் கடைசி அங்குலத்தில் முட்டுகிறதா? பின் சைட்டைத் தூக்கி நிறுத்துங்கள். அது படுத்திருந்தால் போல்டின் வழியில் குறுக்கே நிற்கும். இலக்குச் சுடுதலுக்குப் பூட்டிய அபர்ச்சர் சைட்டுகளிலும் இதே கூத்து உண்டு. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

துடைத்துவிட்டு போல்டைத் திரும்பப் போட்டால் உள்ளே போகவில்லை.

வெளியே இருந்தபோது காக்கிங் பீஸ் சுழன்று முன்னால் விழுந்துவிட்டது. துடைக்கும்போது கை பட்டாலே இப்படி ஆகும். காக்கிங் பீஸின் முட்டு, போல்டின் பின்விளிம்பில் உள்ள குட்டைப் பள்ளத்தில் நிற்க வேண்டும். இப்போது நீளப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். பலகை ஓரத்தில் காக்கிங் பீஸை மாட்டிப் பிடித்துக்கொண்டு போல்டைத் திருகினால் பழைய இடத்துக்கு ஏறும். கையிலேயே செய்துவிடலாம் என்று முயன்றால் விரல் நசுங்கும்.

இன்னொன்று: போல்ட் தலை மரையில் முழுக்க இறுகியிருக்கிறதா, அதன் நீட்டல் போல்டின் நெடுக ஓடும் வரம்போடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று குறைவாக முறுக்கிவிட்டு ‘சிக்கிக்கொண்டது’ என்பவர்களும் உண்டு.

முன்னால் தள்ளும்போது கடைசியில் பயங்கர இறுக்கம். இதுவும் கோளாறா?

ஜெர்மன் ரைஃபிளான மவுசர் 98 பழகியவர் கேட்கும் கேள்வி இது. மவுசரில் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் இறுகும். லீ-என்ஃபீல்டில் போல்டை முன்னால் தள்ளும்போது இறுகும். ஆகவே திறப்பது லேசாகவும் மூடுவது கனமாகவும் இருப்பதுதான் முறை. உள்ளங்கையை வைத்துத் தயங்காமல் ஒரே வீச்சில் தள்ளிக் கீழே இறக்குங்கள்.

ரவுண்டு போட்டால் மட்டும் மூடவில்லை என்றால் விஷயம் வேறு. முதல் சந்தேகம், முந்தைய கேஸின் பாதி உள்ளேயே நிற்பது. .303 கேஸ் சில சமயம் அடிப்பகுதிக்கு அருகில் இரண்டாகப் பிய்ந்துவிடும். எக்ஸ்ட்ராக்டர் அடிப்பகுதியை மட்டும் இழுத்து வெளியே எறியும். வெளியே விழுந்த கேஸைக் குனிந்து எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அப்போதே தெரியும்: முழுக் கேஸுக்குப் பதில் குட்டையான அடித்துண்டு மட்டும் கிடக்கும். இதற்கென்றே தோட்டா வடிவத்தில் ஒரு எடுப்பான் உண்டு. அதை சேம்பரில் போட்டு போல்டை மூடித் திறந்தால் மிச்சக் கேஸைக் கவ்விக்கொண்டு வரும்.

இரண்டாவது, மேகசினில் விளிம்பு மாட்டல். .303-க்கு அடியில் விளிம்பு துருத்தியிருக்கும். மேலே உள்ள ரவுண்டின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளத் தள்ள இரண்டும் பிணைந்துகொள்ளும். பலம் காட்டாமல் மேகசினை எடுத்து அடுக்கை மாற்றுங்கள்.

என்னுடையது .22. அதில் கேஸ் அடிக்கடி மாட்டுகிறது.

.22-இல் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, குண்டில் தடவியிருக்கும் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து சேம்பரின் வாயில் வளையம்போல் இறுகுவது. பேரலைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் புல்த்ரூவை (பேரலைத் துடைக்க உள்ளே விட்டு இழுக்கும் கயிறு) இழுக்கும்போது அதில் கட்டிய துணித்துண்டு அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். குட்டைக் கம்பியில் பித்தளைப் பிரஷ் மாட்டி, கரைப்பானில் நனைத்து, சேம்பருக்குள் மட்டும் சுழற்றுங்கள்.

இரண்டாவது, ரவுண்டு இல்லாமல் டிரிகரை அழுத்தி அழுத்தி விளையாடியது. .22-இல் ஃபயரிங் பின் அடிப்பது கேஸின் விளிம்பை. கேஸ் இல்லாவிட்டால் அது சேம்பரின் உதட்டிலேயே அடிக்கலாம்; நாளடைவில் அங்கே ஒரு நசுங்கல் விழுந்து உள்நோக்கிப் பிதுங்கும். விரல் நுனியால் தடவினால் முள் மாதிரி தட்டுப்படும். இதற்கென்று ஒரு சின்னச் சாதனம் வைத்துப் பழுதுக்காரர் அந்தப் பிதுக்கத்தை மறுபடி சுவரோடு அமுக்கிவிடுவார். அரத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்காதீர்கள்.

போட்டி ரகச் சேம்பர்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். குண்டு பேரலின் வரிகளில் இறுக உட்காரும்படி செய்திருப்பார்கள். சுடாத ரவுண்டை வெளியே எடுத்தால் கேஸ் மட்டும் வந்து, குண்டு பேரலிலேயே தங்கிவிடும், மருந்துப் பொடி ஆக்‌ஷன் முழுக்கச் சிந்தும். அந்தப் பொடி இடுக்கில் போனாலும் போல்ட் மூடாது. பொடியைத் துடைத்துவிட்டுச் சுடத் தொடங்கிவிடாதீர்கள். பேரலில் குண்டு நிற்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் போல்ட் உரசுகிறது. ஏன்?

கட்டை. மரம் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். நம்பர் 1-இலும் நம்பர் 4-இன் முந்தைய ரகங்களிலும் டிரிகர் தொங்குவது அதைச் சுற்றியுள்ள காப்பு வளையமான டிரிகர் கார்டில். கார்டு உட்கார்ந்திருப்பது மரத்தில். மரம் அசைந்தால் டிரிகருக்கும் சியருக்கும் உள்ள தொடர்பும் அசைகிறது. பிறகு வந்த நம்பர் 4 மார்க் 2-இல் டிரிகரை ரிசீவரிலேயே தொங்கவிட்டது இந்தத் தொல்லைக்காகத்தான்.

முன் கார்டு ஸ்குரூவுக்குள் ஒரு சின்ன உலோக வளையம் இருக்க வேண்டும். கழற்றி மாட்டியவர் யாரோ அதைத் தொலைத்திருப்பார். அது இல்லாமல் ஸ்குரூவை முறுக்கினால் மரம் நசுங்கி, கார்டு மேலே ஏறி, மேகசினும் ஏறிப் போல்டின் அடியில் உரசும். மேகசினைக் கழற்றிவிட்டு போல்டை ஓட்டிப்பாருங்கள். உரசல் போய்விட்டால் வளையத்தைத் தேடுங்கள்.

போல்ட் ரொம்பத் தேய்ந்துவிட்டது. வேறொரு ரைஃபிளின் போல்டைப் போட்டுக்கொள்ளலாமா?

உள்ளே போகும். அதுதான் ஆபத்து. போல்டின் முட்டுகள் அந்தந்த ரிசீவரோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். மாற்றுப் போல்டில் ஒரு பக்க முட்டு மட்டும் உட்கார்ந்து மறுபக்கம் அந்தரத்தில் நிற்கலாம்.

போல்ட் தலையை மாற்றுவது வேறு; நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் இருக்கின்றன, எண் ஏற ஏற நீளம் கூடும். ஆனால் மாற்றியபின் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்டின் முகத்துக்கும் கேஸின் விளிம்பு முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் சுடக்கூடாது. .303-க்கு ராணுவ அளவு 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் இடையில். அதற்கான கேஜ் பழுதுக்காரரிடம் இருக்கும். காகிதத்தை மடித்து வைத்து அளக்கும் வித்தைகளை நம்ப வேண்டாம்.

நூறு வருஷப் பழசு. ‘ஆன்ட்டிக்’ என்று சொல்லி யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பழுது பார்க்கலாமா?

முடியாது. பழசு வேறு, சட்டம் சொல்லும் ஆன்ட்டிக் வேறு. அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்பது கோடு. லீ-மெட்ஃபோர்டு உள்ளே வரும், 1907-க்குப் பிந்தைய மார்க் 3 வராது. பிரிட்டனில் .303 வழக்கொழிந்த ரகங்களின் பட்டியலில் இல்லை, எவ்வளவு பழையதானாலும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட துளை அளவு (‘புரோஹிபிடட் போர்’); .22-க்கும் உரிமம் வேண்டும். பழுதுபார்ப்பவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோனால் இருவருக்கும் வம்பு. தாத்தா காலத்து ரைஃபிள் பரணில் கிடைத்து, காகிதம் எதுவும் இல்லை என்றால், போல்டைப் பற்றிக் கவலைப்படும் முன் வக்கீலிடம் பேசுங்கள்.

பழுதுக்காரரிடம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

எந்த நிலையில் நிற்கிறது, கடைசியாக எப்போது திறந்தது, அதற்குப் பின் என்னென்ன ஊற்றினீர்கள், எதால் தட்டினீர்கள். கடைசி இரண்டையும் மறைக்காதீர்கள். தட்டிய தழும்பு அவருக்கு எப்படியும் தெரியும். உள்ளே ரவுண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள். அவர் வந்து பார்ப்பதா, நீங்கள் எப்படிக் கொண்டுவருவது என்பதை அவர் சொல்லட்டும்.